ஏழு கோல் இரவு: ஒரு ரசிகர் குழுவில் நடந்ததன் நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 5 அன்று ஆன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்த கால்பந்து ஆட்டத்தில் லிவர்பூல் அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 7–0 என்று வென்றது. அந்த இரவு எங்கள் ரசிகர் குழுவுக்குள் என்ன நடந்தது, நாங்கள் எதை எப்படி முடிவு செய்தோம், அடுத்து வந்த நாட்களில் அந்த முடிவுகள் என்னவாயின என்பதே இந்தப் பதிவு. சம்பந்தப்பட்ட இருவரிடமும் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். இருவரும் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் இல்லை.

பின்னணி

எங்கள் குழுவில் 14 பேர். ஒருகாலத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம்; இப்போது ஆளுக்கொரு வேலையில் இருக்கிறோம். கால்பந்துதான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. பதினோரு பேர் லிவர்பூல் ரசிகர்கள். இரண்டு பேருக்குச் சொந்த அணி என்று எதுவும் இல்லை, நல்ல ஆட்டம் என்றால் போதும். மிச்சம் ஒருவர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அவர் அண்ணன். 1999இல் பார்சிலோனாவில் யுனைடெட் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு பயர்ன் மியூனிக்கை வென்ற ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து அந்த அணியோடு இருப்பவர். குழுவின் நிர்வாகி நான்.

அண்ணனைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018 மே மாதம் கீவ் நகரில் நடந்த, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியாட்டத்தில் லிவர்பூல் 3–1 என்று ரியல் மாட்ரிட்டிடம் தோற்றது. எங்கள் கோல்கீப்பர் செய்த இரண்டு தவறுகள் இரண்டு கோல்களாக முடிந்தன. அன்று நள்ளிரவுக்குப் பிறகு என்னைத் தொலைபேசியில் அழைத்த ஒரே ஆள் அண்ணன்தான். கேலியாக ஒரு சொல் இல்லை. "அந்தக் கோல்கீப்பர் பையன் இன்றைக்குத் தூங்க மாட்டான்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

லிவர்பூலும் மான்செஸ்டரும் பக்கத்துப் பக்கத்து நகரங்கள். லீக் பட்டக் கணக்கில் அப்போது யுனைடெட் 20, லிவர்பூல் 19. இந்தப் பகையின் ஓரத்தில் பல ஆண்டுகளாக ஓர் அசிங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் யுனைடெட் வீரர்கள் எட்டு பேர் உட்பட 23 பேர் இறந்தார்கள். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு துயரங்களையும் எதிரணியைக் குத்திக்காட்டும் கோஷங்களாக்கிப் பாடும் கூட்டம் இரு பக்கத்திலும் உண்டு.

அந்தப் பருவத்தில் எங்கள் அணி தடுமாறிக்கொண்டிருந்தது. ஜனவரியில் பிரைட்டனிடம் 3–0, பிப்ரவரி தொடக்கத்தில் வுல்வ்ஸிடம் 3–0, அதே மாதம் 21ஆம் தேதி சொந்த மைதானத்திலேயே ரியல் மாட்ரிட்டிடம் 5–2 என்று தோல்விகள். யுனைடெட்டோ ஏறுமுகத்தில் இருந்தது. பார்சிலோனாவை ஐரோப்பா லீக்கிலிருந்து வெளியேற்றிவிட்டு, பிப்ரவரி 26 அன்று நியூகாசிலை வென்று லீக் கோப்பையையும் தூக்கியிருந்தது. 2017க்குப் பிறகு அவர்கள் வென்ற முதல் கோப்பை அது. அந்த வாரம் அண்ணன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அடக்கமாகத்தான் இருந்தார், ஆனால் தெரிந்தது.

போட்டிக்கு முன்

ஆட்டத்துக்கு முன்பு இரு அணிப் பயிற்சியாளர்களும், லிவர்பூலின் யூர்கன் கிளாப்பும் யுனைடெட்டின் எரிக் டென் ஹாக்கும், சேர்ந்து ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள்: உயிரிழப்புகளைக் கோஷமாக்குவதை நிறுத்துங்கள், பகையின் வேகம் இருக்கட்டும், இது மட்டும் வேண்டாம். அதைத் தமிழில் சுருக்கி நான் குழுவில் போட்டேன். எல்லோரும் ஆமோதித்தார்கள். எனவே குழுவில் ஒரு விதி இருந்தது என்று நான் நம்பினேன். உண்மையில் இருந்தது வேறொருவர் விதித்த விதியும், எங்கள் பங்குக்குப் பதினான்கு கட்டைவிரல் குறிகளும்தான். மீறினால் என்ன செய்வது என்று நாங்கள் பேசவே இல்லை.

பெரிய ஆட்டங்களை ஒரே வீட்டில் சேர்ந்து பார்ப்பது எங்கள் பழக்கம். அன்று ஒன்பது பேர் கூடினோம். அண்ணனும் வந்தார். சோபாவின் ஓரத்தில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

ஆட்டத்தில் கண்டது

7–0 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் முதல் நிமிடத்திலிருந்தே லிவர்பூல் மிதித்துத் தள்ளியது என்று நினைப்பார். நான் பார்த்தது அப்படி இல்லை. முதல் நாற்பது நிமிடங்கள் ஆட்டம் எந்தப் பக்கமும் சாயலாம் என்றுதான் இருந்தது. யுனைடெட்டின் புரூனோ ஃபெர்னாண்டஸ் தலையால் முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அவர்களின் மார்கஸ் ராஷ்ஃபோர்டின் ஷாட் ஒன்றை எங்கள் கோல்கீப்பர் அலிசன் தடுத்தார். அவர்களின் காஸெமீரோ தலையால் முட்டி வலைக்குள் போட்ட பந்து ஆஃப்சைடு என்று செல்லாமல் போனது. அந்த நேரத்தில் அண்ணன் சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். என் உள்ளங்கை வியர்த்திருந்தது.

43ஆவது நிமிடத்தில் எங்கள் ஆண்டி ராபர்ட்சன் இடதுபுறத்திலிருந்து தற்காப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு பாஸ் அனுப்பினார். கோடி காக்போ அதை வாங்கி உள்ளே வெட்டி, வலது காலால் தூரக் கம்பத்தோரம் போட்டார். இடைவேளை முடிந்து வந்ததும் 47இல், யுனைடெட் பின்களம் பந்தை வெளியேற்றத் தவற, ஹார்வி எலியட் தந்த கிராஸை டார்வின் நூன்யெஸ் தலையால் முட்டினார். 50இல் மூன்றாவது. இந்தக் கோலை நான் எத்தனை முறை திரும்பப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வலது ஓரத்தில் யுனைடெட்டின் லிசாண்ட்ரோ மார்டினெஸ் எதிரே நிற்க, எங்கள் சாலா ஒரு பக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் திரும்பினார். மார்டினெஸ் தடுமாறிப் போனார். அங்கிருந்து உள்ளே வந்த பந்தை காக்போ கோல்கீப்பருக்கு மேலே மெல்லத் தூக்கிவிட்டார். அவசரமே இல்லாத ஒரு தொடுகை.

கடிகாரக் கணக்கில் ஏழு நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள். ஆட்டம் உண்மையில் அந்த ஏழு நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதன் பிறகு யுனைடெட் வீரர்கள் திரும்பி ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். தொழில்முறை வீரர்களுக்கு அழகல்லாத ஆட்டம் என்ற பொருளில் அவர்களின் பயிற்சியாளரே பின்னர் கண்டித்தார். 66இல் சாலாவின் ஷாட் மேல் கட்டையில் பட்டு உள்ளே விழுந்தது. 75இல் ஹெண்டர்சன் கிராஸில் நூன்யெஸ், 83இல் மீண்டும் சாலா. பிரீமியர் லீக்கில் லிவர்பூலுக்காக அவர் அடித்த 129ஆவது கோல் அது. முன்னாள் லிவர்பூல் வீரர் ராபி ஃபௌலரின் 128ஐ அன்று தாண்டினார். 88இல் ஏழாவது கோலை அடித்தவர் மாற்று வீரராக இறங்கிய ஃபிர்மினோ. அந்தப் பருவத்தோடு அவர் அணியை விட்டுப் போகிறார் என்ற செய்தி இரண்டு நாட்களுக்கு முன்புதான் வந்திருந்தது. அந்தக் கோலுக்கு எனக்குக் கண்ணீர் வந்தது.

யுனைடெட்டுக்கு எதிராக லிவர்பூலின் மிகப் பெரிய வெற்றி இது. முந்தையது 1895இல் 7–1. யுனைடெட் ஏழு கோல் வித்தியாசத்தில் கடைசியாகத் தோற்றது 1931இல். அன்று இலக்கை நோக்கி லிவர்பூல் அடித்த எட்டு ஷாட்களில் ஏழு கோலானது. எட்டில் ஏழு என்பது எந்த அணிக்கும் வழக்கமாக வாய்க்கிற கணக்கு இல்லை. அது அன்று எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த அறையில் நடந்தது

மூன்றாவது கோல்வரை எல்லோரும் எழுந்து குதித்தோம். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு, "நல்ல கோல்" என்றார். நான்காவதுக்குப் பிறகு குழுவில் கேலிகள் குவியத் தொடங்கின. வீட்டில் இருந்தவர்களும் திரையை விட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது கோல் விழுந்தபோது அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். எங்களில் இளையவன், இருபத்து மூன்று வயதுத் தம்பி, எதிரே உட்கார்ந்திருந்தபடி அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். சிரிப்புக் குறிகள் வரிசையாக விழுந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

ஆறாவது கோல் விழுந்து ஓரிரு நிமிடங்கள் இருக்கும். அதே படத்தின் கீழே அதே தம்பி ஒரு விமானத்தின் படத்தைப் போட்டான்.

அண்ணனின் கைப்பேசி மேசைமேல் இருந்தது. திரை ஒளிர்வதை நான் பார்த்தேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, திரை கீழே இருக்கும்படி மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அரை நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்து, குடித்த தம்ளரைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார். "நாளை காலையில் சீக்கிரம் போக வேண்டும், வருகிறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். யாரும் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வாசலைத் தாண்டிச் சற்று நேரத்தில் ஏழாவது கோல்.

மைதானத்திலும் அந்த நேரத்தில் ஒன்று நடந்தது. ஏழாவது கோலின் கொண்டாட்டத்துக்குள் ஒரு ரசிகர் ஓடிவந்து வழுக்கி, ராபர்ட்சனின் காலில் போய் மோதினார். முதல் கோலுக்குப் பாஸ் தந்தவரே வலியில் நின்றார். கிளாப்பின் முகம் கடுத்தது. மகிழ்ச்சி மிஞ்சிப்போய்ச் சொந்த ஆளையே காயப்படுத்துவதை அன்று நான் தொலைக்காட்சியிலும் பார்த்தேன், அதே அறையிலும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு மறுநாள் ஆயிற்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

விமானப் படத்தை இரண்டு நிமிடங்களுக்குள் நீக்கினேன். அது என் முதல் முடிவு. ஆனால் ஏன் நீக்கினேன் என்று எழுதவில்லை. கொண்டாட்டத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீக்கிவிட்டால் பேசாமலே புரிந்துகொள்வார்கள் என்பது என் கணக்கு.

அண்ணனின் முகத்தைக் காட்டிய படத்தை விட்டுவைத்தேன். அதில் சாவு பற்றி எதுவும் இல்லை, வெறும் விளையாட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானே சிரிப்புக் குறி போட்ட ஒன்றை நீக்கக் கூசியது என்பதுதான் நேர்மையான காரணம்.

அன்று இரவு அண்ணனை அழைக்கவில்லை. தோற்ற ஆளைத் தனியாக விட்டுவிடுவதே மரியாதை என்று நினைத்தேன். கீவ் இரவில் அவர் என்னைத் தனியாக விடவில்லை என்பது நினைவுக்கு வந்தும், கைப்பேசியை எடுத்தும், வைத்துவிட்டேன். மூன்று முடிவுகளில் என்னை இன்றும் உறுத்துவது இதுதான்.

நான்காவது முடிவு ஆட்டத்தைப் பற்றியது. நள்ளிரவில் குழுவில் ஒரு நீண்ட குறிப்பு எழுதினேன். நடுக்களம் தேறிவிட்டது, புது முன்களம் கைகூடிவிட்டது, சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி தரும் நான்காம் இடம் நிச்சயம், கோடையில் நடுக்கள வீரர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று. எனக்குக் காரணம் இல்லாமல் இல்லை. லீக்கில் அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோலும் வாங்கவில்லை. இது ஐந்தாவது. காக்போ, நூன்யெஸ், சாலா ஆளுக்கு இரண்டு கோல். பதினொரு பேர் ஒப்புக்கொண்டார்கள். மறுப்பதற்குப் பழக்கப்பட்ட ஒரே ஆள் பேசவில்லை. மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது அவர் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

பின்வந்த நாட்கள்

திங்கட்கிழமை மாலை அழைத்தேன். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்தார். நான் தோல்வியைப் பற்றி ஆறுதல் சொல்லப் போனேன். அவர் தடுத்தார். "ஏழு கோல் வாங்கியதற்காக வெளியேறவில்லை. நாங்கள் ஆடியதற்கு அது சரியான கூலி. அந்த விமானத்தைப் போட்ட தம்பியைவிட, அதை நீக்கிவிட்டு ஒன்றும் சொல்லாத உன்மேல்தான் வருத்தம். நீ நீக்கியதால் எல்லோருக்கும் அது வெறும் அழிந்துபோன செய்தி ஆகிவிட்டது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

தம்பியிடம் நேரில் போய்ப் பேசினேன். அவனுக்கு மியூனிக் பற்றித் தெரியும், ஆனால் தெரிந்தது கோஷமாகத்தான். இறந்த எட்டு வீரர்களில் ஒருவரான டங்கன் எட்வர்ட்ஸுக்கு அப்போது வயது 21 என்றும், விபத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பதினைந்து நாட்கள் போராடி இறந்தார் என்றும் சொன்னேன். அவன் வயதைவிட இரண்டு குறைவு. சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஹில்ஸ்பரோவை அவர்கள் பாடினால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன், அண்ணா" என்றான். அவனே அண்ணனின் வீட்டுக்குப் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இதற்கிடையே வியாழக்கிழமை யுனைடெட் ஐரோப்பா லீக்கில் ரியல் பெட்டிஸோடு ஆடியது. டென் ஹாக் ஏழு கோல் வாங்கிய அதே பதினொரு பேரையே இறக்கினார். 4–1 என்று வென்றார்கள். ஒரு நாளின் சரிவை வைத்து ஆட்களை ஒதுக்க மாட்டேன் என்ற அந்த முடிவு அப்போது எனக்கு வீம்பாகப் பட்டது. இன்று அந்த வாரத்தில் யாரும் எடுத்த முடிவுகளில் மிகத் தெளிவானது அது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை, மார்ச் 11. ஏழு கோல் போட்ட ஆறாம் நாள் எங்கள் அணி போர்ன்மத் மைதானத்துக்குப் போனது. புள்ளிப்பட்டியலில் கடைசியில் இருந்த அணி. அதே பருவத்தின் ஆகஸ்டில் ஆன்ஃபீல்டில் அவர்களை 9–0 என்று வென்றிருந்தோம். அந்த 9–0க்குப் பிறகும் எங்கள் பருவம் நிமிரவில்லை என்பதை நாங்கள் பதினொரு பேரும் ஏழு மாதங்களில் சுத்தமாக மறந்திருந்தோம். 28ஆவது நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியைச் சாலா கம்பத்துக்கு வெளியே அடித்தார். 1–0 தோல்வி. அடுத்த புதன்கிழமை மாட்ரிட்டில் இன்னொரு 1–0. சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறினோம்.

போர்ன்மத் ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் என் கைப்பேசிக்கு அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. கேலி செய்யும் உரிமை அன்று அவருக்கு முழுமையாக இருந்தது. "சாலா பெனால்டியை அப்படி வெளியே அடிப்பவர் இல்லையே, காலில் ஏதாவது வலியா?" என்று கேட்டிருந்தார். அன்று இரவே அவரைக் குழுவில் மீண்டும் சேர்த்தேன்.

பருவ முடிவில் யுனைடெட் 75 புள்ளிகளுடன் மூன்றாம் இடம், லிவர்பூல் 67 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம். சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு போனது. நான் எழுதிய குறிப்புக்கு நேர்மாறாக, அந்தக் கோடையில் கிளப் மாக் அலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் என்று நான்கு நடுக்கள வீரர்களை வாங்கியது. மார்ச் 5 அன்று ஆடிய ஃபாபின்யோவும் ஹெண்டர்சனும் அதே கோடையில் போய்விட்டார்கள். ஏழு கோலைப் பார்த்து நடுக்களம் தேறிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். அணியை நடத்துபவர்கள் பருவம் முழுவதையும் பார்த்திருந்தார்கள்.

மாற்றியவை

இப்போது குழுவில் யாருடைய முகத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் போடுவதில்லை. வெற்றியோ தோல்வியோ, இது எல்லோருக்கும். சாவைத் தொட்டுப் பேசும் எதையும் நீக்கினால், நீக்கிய இடத்திலேயே காரணத்தை நிர்வாகி எழுத வேண்டும். கொண்டாட்டம் கெட்டால் கெடட்டும். இதை முதலில் எழுதி அனுப்பியவன் தம்பிதான். நான் இரண்டு சொற்களைத்தான் திருத்தினேன்.

ஆட்டத்தைப் பற்றி எழுதுவதில் நான் என் பங்குக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். இடைவேளையின்போது, கோல் கணக்கை ஒதுக்கிவிட்டு, யார் எத்தனை நல்ல வாய்ப்புகளை உண்டாக்கினார்கள், நடுக்களத்தில் பந்து யாரிடம் அதிகம் தங்கியது என்று நான்கு வரி எழுதிவிடுகிறேன். மார்ச் 5 அன்று அப்படி எழுதியிருந்தால், 1–0 என்ற கணக்கின் கீழே, இரண்டு அணிக்கும் ஏறக்குறையச் சமமான பாதி என்றுதான் எழுதியிருப்பேன். அது அந்த வெற்றியின் இனிமையில் ஒரு துளியையும் குறைத்திருக்காது. காக்போவின் அந்த மூன்றாவது கோல் எப்போதும் எனக்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் நள்ளிரவில் அந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன்.

மாற்ற முடியாமல் போனது அந்த ஞாயிற்றுக்கிழமை இரவின் தொலைபேசி அழைப்பு. மறுநாள் மாலை அழைத்தது ஈடாகவில்லை. இப்போதெல்லாம் யாருடைய அணி பெரிதாகத் தோற்றாலும், விசில் அடித்த அரை மணி நேரத்துக்குள் நான் அழைத்துவிடுகிறேன். சில நேரம் அவர்கள் எடுப்பதில்லை. பரவாயில்லை.

2023 டிசம்பர் 17

அடுத்த பருவத்தில் யுனைடெட் மீண்டும் ஆன்ஃபீல்டுக்கு வந்தது. அதே வீட்டில் கூடினோம். தம்பிதான் அண்ணனைத் தன் வண்டியில் அழைத்து வந்தான். ஏழு கோல் போட்ட அதே மைதானத்தில் அன்று லிவர்பூல் 34 ஷாட்கள் அடித்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. 0–0.

கடைசி கால் மணி நேரத்தில் நான் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி கைப்பேசியை எடுத்து, என் பக்கம் திருப்பி, "எடுக்கலாமா?" என்று கேட்டான். எடு என்றேன். படம் குழுவுக்குப் போனது. சோபாவின் ஓரத்தில், மேசைமேல், அண்ணனின் கைப்பேசி ஒளிர்ந்தது. திரை மேலே தெரியும்படிதான் வைத்திருந்தார்.